கைத்தையல் அந்தக் காலமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழ் மருத்துவப் பக்கத்தில், ‘குடலைக் கையால் தைப்பதெல்லாம் அந்தக் காலம், இப்போது ஸ்டேப்ளர்தான்’ என்று ஒரு வரி. அரசு மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டரில் 29 வருடம் ஊசியும் நூலும் எடுத்துக் கொடுத்தவள் நான். அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

வெட்டிய குடலை உலோகப் பின்களால் இணைக்கும் கருவியான ஸ்டேப்ளரை நான் குறை சொல்லவில்லை. கை சரியாக நுழையாத இடுப்புக்குழிக்குள், மலக்குடலின் அடியில் அது செய்கிற வேலை பெரிது. சிறுகுடலை வலப்பக்கப் பெருங்குடலோடு இணைக்கும்போது ஸ்டேப்ளரில் இணைப்பு வழியே கசிவு குறைவு என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. சரி. ஆனால் பெருங்குடலை மலக்குடலோடு இணைப்பதில் கசிவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஸ்டேப்ளர் போட்ட இடம் பின்னால் சுருங்குவதுதான் அதிகம் என்று அதே காக்ரேன் சொன்னதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ‘அந்தக் காலம்’ என்றால், ஸ்டேப்ளரும் 1908-லேயே புடாபெஸ்டில் வந்துவிட்டது. உங்களுக்குத் தெரியாததா?

ஒரு நடுராத்திரி, குடல் முறுக்கிக்கொண்டு ஒரு விவசாயி வந்தார். அழுகியதை வெட்டி எடுத்த பிறகு, மீதிக் குடல் வீங்கித் தடித்திருந்தது. ஸ்டேப்ளர் பின்னுக்கு இன்ன தடிமன் என்று அளவு உண்டு. அந்தக் குடல் அதற்குள் அடங்காது. டாக்டர் 3-0 விக்ரில் என்ற, உடலுக்குள் தானே கரையும் நூலில் ஒவ்வொரு தையலாகப் போட்டார். ‘சிஸ்டர், கட்’ என்பார், வெட்டுவேன். முடிந்ததும் இணைப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, உள்ளே வழி இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். பத்தாம் நாள் அந்த மனிதர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

போன வருடம் என் அண்ணனுக்குத் தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். பில்லில் ஸ்டேப்ளர் தனி, அதில் போடும் பின்கள் அடங்கிய கார்ட்ரிட்ஜ் மூன்று தனி. எதற்கு மூன்று என்று கேட்டதற்கு, ‘அப்போ கையால தைக்கணுமாம்மா?’ என்றார்கள், ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல. இனி உங்கள் கட்டுரையையே எடுத்துக் காட்டுவார்கள்.

செவிலியர் தினச் சிறப்பிதழில் எங்களை ‘டாக்டர்களின் உதவியாளர்கள்’ என்று போட்டபோதும் எழுதினேன். நீங்கள் வெளியிடவில்லை. என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு உங்கள் இதழ் வருகிறது.

அடுத்த இதழில் ஒரு வரி போதும்: ‘இரண்டு முறையும் இன்றும் நடப்பில் உள்ளன, குடலின் நிலையைப் பார்த்து அறுவை மருத்துவர் முடிவு செய்வார்.’

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் செவிலியர்,
மதுரை.