மாதவியின் ஓலையைத் திரையில் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய காப்பியங்களைப் படமாக்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிலப்பதிகாரம் என்றதும் அதுவும் நேரே பாண்டியன் அவைக்குப் போய்விட்டது. 1942இல் கண்ணாம்பா நடித்த 'கண்ணகி', 1964இல் கலைஞர் எழுதி விஜயகுமாரி நடித்த 'பூம்புகார்' என்று எதைச் சொன்னாலும் நமக்கு முதலில் நினைவு வருவது உடைந்த சிலம்புதான். 'தேரா மன்னா' என்று கேட்டால் எனக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் இனி யாராவது இந்தக் கதையைப் படமாக எடுத்தால், மாதவிக்கு உரிய இடத்தைக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

காப்பியத்தில் கடற்கரைப் பாட்டுகள் வரும் கானல்வரிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திர விழா முடிந்த பௌர்ணமி, புகார்க் கடற்கரை, புன்னை மர நிழல். மாதவி யாழைச் சுருதி கூட்டிக் கோவலன் கையில் கொடுக்கிறாள். சோழன் கங்கையைப் புணர்ந்தாலும் புலவாய் (ஊட மாட்டாய்), வாழி காவேரி என்று அவன் பாடுகிறான். இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாளோ என்று அவளுக்குத் தோன்றுகிறது. யாழை வாங்கித் தானும் வேறொருவனை நினைப்பவள் போல் பாடுகிறாள். பாட்டுக்குப் பாட்டு, அவ்வளவுதான். அவன் எழுந்து போய்விடுகிறான். 'யாழிசைமேல் வைத்துத் தன் ஊழ்வினை வந்து உருத்ததாகலின்' என்கிறார் இளங்கோ. இங்கே வில்லனே கிடையாது, ஒரு பாட்டு தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது, ஒரு குடும்பம் சிதைகிறது. எல்லாவற்றுக்கும் பாட்டு வைக்கும் நம் சினிமாவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் அந்த ஓலை. மாதவியின் தோழி வசந்தமாலை கொண்டுவந்த முதல் ஓலையைக் கோவலன் வாங்கவே இல்லை. ஆடல் மகள்தானே, நடிக்கிறாள் என்று தள்ளிவிட்டான். இரண்டாவது ஓலையோடு மாதவி அனுப்பிய கோசிகன், கோவலன் மதுரைக்குப் போகும் வழியில் அவனைத் தேடி வருகிறான். ஆள் அடையாளம் தெரியாத அளவுக்குக் கோவலன் மாறிப் போயிருக்கிறான். அதனால் கோசிகன் அங்கே வாடி நின்ற மாதவிக் கொடியைப் பார்த்து, "கோவலனைப் பிரிந்த மாதவி போல நீயும் வருந்தினாயோ" என்று பேசிப் பார்த்து உறுதி செய்துகொள்கிறான். இப்படி ஒரு காட்சியை எந்தத் திரைக்கதை ஆசிரியர் யோசிப்பார்!

ஓலையின் மண் முத்திரையில் அவள் கூந்தலின் நெய் வாசம். அதைக் கண்டதும் பழைய நாட்கள் திரும்பி வந்து, பிரிக்க மனம் வராமல் நிற்கிறான். என் பிழை என்ன என்று தெரியவில்லையே, பெரியவர்களை விட்டு இரவோடு இரவாகப் போய்விட்டீர்களே என்று அவள் எழுதியிருக்கிறாள். குற்றம் அவளுடையதல்ல, என்னுடையது என்று அவன் உணர்வது அங்கேதான். அதே ஓலையைத் தன் தாய் தந்தையிடம் சேர்க்கச் சொல்லிக் கோசிகனிடமே திருப்பிக் கொடுக்கிறான், அவள் எழுதிய சொற்கள் அவர்களுக்கும் பொருந்துவதால்.

மாதவிக்கு அவன் வேறு பதில் எழுதவில்லை. அவன் மனம் மாறியதை அறியாமலே அவள் புகாரில் காத்திருக்கிறாள். அவன் மதுரைக்கு நடக்கும்போது, புகாரில் அவள் வாசலையும் ஒருமுறை காட்டுங்கள் என்று வருங்கால இயக்குநரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாடுதுறை