வன்னியில் குறும்படப் போட்டி நடத்துகிறவர்களுக்கும் நடுவர்களுக்கும்

மதிப்புக்குரிய நடுவர்களே, ஏற்பாட்டாளர்களே,

வணக்கம். நான் புதுக்குடியிருப்பில் கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோ எடுத்து, எடிற் பண்ணிக் கொடுத்துப் பிழைப்பவன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று எங்கே குறும்படப் போட்டி நோட்டீஸ் கண்டாலும் போய்ப் பின்வரிசையில் இருந்துவிடுவேன். படங்களில் எனக்குப் பெரிய குறை இல்லை. படம் முடிந்ததும் நீங்கள் மைக்கைப் பிடித்துப் பேசுகிற பேச்சைப் பற்றித்தான் இந்த மடல்.

"நல்ல கருத்து. சமூகத்துக்குத் தேவையான கருத்து. இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்." எந்தப் படம் ஓடினாலும் இதே மூன்று வசனம். கமரா எங்கே நின்றது, ஏன் அங்கே நின்றது, எந்த இடத்தில் வெட்டினார்கள், எந்தச் சத்தத்தை விட்டு வைத்தார்கள் என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. கருத்துத்தான் வேண்டுமென்றால் கட்டுரைப் போட்டி வைத்திருக்கலாமே.

அண்மையில் ஒரு போட்டிக்கு, உயர்தரம் படிக்கிற பிள்ளை ஒன்று போனில் எடுத்த படம் வந்தது. ஒரு தாய் கந்தோரில் இருந்து படிவம் நிரப்புகிறார். கமரா அவருடைய தோளுக்குப் பின்னால். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற உத்தியோகத்தரின் முகம் கடைசி வரைக்கும் வராது. குரலும் முத்திரை குத்துகிற சத்தமும் மட்டும் வரும். "இறந்த திகதி" என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனை நிற்கிறது. அந்த வெற்றுக் கட்டத்தை விட்டுக் கமரா அசையவில்லை. பின்னால் வரிசையில் யாரோ இருமுகிறார்கள், செருப்பு உரசுகிறது. தாய் படிவத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பிப் போகிறார். அவ்வளவுதான் படம்.

உத்தியோகத்தரைக் காட்டாதது குறை, முடிவு விளங்கவில்லை, தீர்வு சொல்லவில்லை என்றார் ஒரு நடுவர். அந்தப் படத்தில் யோசித்துச் செய்த மூன்று விசயமும் அவருக்குக் குறையாகப் போய்விட்டன. முதற்பரிசு போதைப்பொருளுக்கு எதிரான ஒரு படத்துக்கு. அதில் இரணைமடுக் குளத்துக்கு மேலால் ட்ரோன் பறந்தது. ஏன் பறந்தது என்று கேட்க ஆளில்லை.

சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த 'புரஹந்த களுவர'வை நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். மழை பொய்த்துப்போன ஒரு சிங்களக் கிராமம். கண் தெரியாத கிழவர் வன்னிஹாமியாக ஜோ அபேவிக்ரம. படையில் இருந்த மகன் செத்துவிட்டான் என்று முத்திரை வைத்த பெட்டி வீட்டுக்கு வருகிறது; திறக்கக் கூடாது. ஊர் நம்புகிறது, வீட்டார் நம்புகிறார்கள், கிழவர் நம்பவில்லை. நட்டஈட்டுப் படிவத்தில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று நிற்கிறார். போர் பற்றிய படம், ஆனால் போர்க்களத்தை ஒருதரமும் காட்டவில்லை. கிழவர் தடி ஊன்றி நடந்தால், நடந்து முடிகிற வரைக்கும் நாங்கள் பொறுத்திருக்க வேண்டும். அவர் எதைக் கேட்கிறாரோ அதுதான் எங்களுக்கும் செய்தி. மற்றவர்கள் கண்ணால் கண்டு நம்பியதைக் கண் தெரியாதவர் நம்ப மறுக்கிறார் என்பதை எந்தப் பாத்திரமும் வாயால் சொல்வதில்லை, ஷொட் ஷொட்டாக எங்களுக்குள் இறக்குகிறார்கள். 2000இல் அரசாங்கம் இந்தப் படத்தைத் தடுத்தது. உச்ச நீதிமன்றம் வரை போய் அடுத்த வருசம்தான் திரைக்கு வந்தது. உரத்து ஒரு கருத்தும் சொல்லாத படத்துக்குத்தான் அந்தப் பயம். உங்கள் புள்ளித்தாளில் அதற்கு எத்தனை விழுந்திருக்கும்?

எங்கள் ஊர்ப்பேர் வந்த படத்தைப் பற்றியும் நாங்கள் இப்படித்தான் கதைக்கிறோம். மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002 பெப்ரவரி 14 அன்று வெளியானது. எட்டு நாள் கழித்து அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. இன்றைக்கும் அந்தப் பேச்சு எழும்பினால் "அது மாங்குளமே இல்லை, இந்தியாவில எடுத்தது, தமிழும் எங்கட தமிழ் இல்லை" என்பதோடு முடிந்துவிடும். சரிதான். ஆனால் பெற்ற தாயைத் தேடிப் போகிற ஒரு பிள்ளையின் பக்கத்தில் நின்று கதையை நடத்தியதால் இயக்குநருக்கு வாய்த்தது என்ன, அவர் தப்பிக்கொண்டது எதிலிருந்து? ஒன்பது வயசுக்காரிக்கு யுத்தத்தின் காரணங்கள் தேவையில்லை, தாய்தான் தேவை. அதனால் படமும் காரணங்களுக்குள் ஆழமாக இறங்காமல் கடந்துவிடுகிறது. கடைசியில் தாயைச் சந்திக்கும்போது பிள்ளையின் கேள்விகளுக்கு மறுமொழி இல்லை, மழை கொட்டுகிறது. எனக்கு அந்த மழை கூடிப்போச்சு என்றுதான் படுகிறது. இன்னொருவர் இல்லை என்பார். மண்டபத்தில் நடக்க வேண்டியது அந்தச் சண்டை.

அழுகிற முகத்துக்குக் கிட்டப் போய்க் கீழே வயலின் விடுவது என் தொழில். பொம்பிளை தாய்தகப்பன் காலில் விழுகிற இடத்தில் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் பார்க்கிற எவருக்கும் கண் கலங்கும்; அதற்குத்தான் எனக்குக் காசு. அதே வேலையை மாவீரரின் தாய்க்கும் காணாமற்போனவரின் மனைவிக்கும் செய்யும்போது நீங்கள் "உருக்கமான படைப்பு" என்று கை தட்டுகிறீர்கள். அடுத்த முறை பிள்ளைகள் இன்னும் கிட்டப் போகிறார்கள்.

தூரத்தில் நிற்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1990 ஜூனில் வட ஈரானில் நிலநடுக்கம் வந்து பல்லாயிரம் பேர் செத்தார்கள். தன் முந்திய படத்தில் நடித்த பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி தேடிப் போனார். அந்தப் பயணத்தை வைத்து 1992இல் ஒரு கதைப்படம் எடுத்தார். கூடாரங்களுக்கு நடுவில் ஒருவர் உலகக் கிண்ணப் பந்தாட்டம் பார்க்க அன்ரெனா பூட்டிக்கொண்டிருப்பார். தறப்பாள் கொட்டிலில் இருந்து எழும்பி வந்த எங்களுக்கு அதற்கு விளக்கவுரை தேவையில்லை.

அந்தப் படத்தின் கடைசி ஷொட்டைத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. கமரா எதிர்மலையில் நிற்கிறது. பள்ளத்தில் சின்னதாக ஒரு கார். பாரம் சுமந்து நடக்கிற ஒருவரைக் கடந்து போய்ச் செங்குத்தான மேட்டில் ஏறப் பார்க்கிறது, முடியாமல் பின்னால் வழுக்குகிறது. நடந்து வந்தவர் உதவி செய்கிறார். கார் திரும்பிப் போகிறது. 'சரி, இனி வராது' என்று நினைக்கும்போது வேகம் எடுத்து வந்து மேட்டைத் தாண்டுகிறது, நின்று அவரை ஏற்றிக்கொள்கிறது. கமரா ஒருதரமும் கிட்டப் போகவில்லை. காரோட்டியின் முகத்தில் என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. பிள்ளைகள் கிடைத்தார்களா என்பதும் தெரியாது. கிட்டப் போயிருந்தால் இது ஒரு மனிசனின் கவலையாகச் சுருங்கியிருக்கும். விலகி நின்றதால் மலை, பாதை, கார், நடக்கிறவர் எல்லாம் சேர்ந்து ஒரே கதையாகிறது. அந்த உயர்தரப் பிள்ளை தாயின் முகத்துக்குப் போகாமல் தோளுக்குப் பின்னால் நின்றதும் இதே மாதிரியான தெரிவுதான்.

ஆகவே என் கேட்பு பெரிதில்லை. பிரதம விருந்தினர் பேச ஒதுக்குகிற நேரத்தில் பாதியை வெட்டி, ஏதாவது ஒரு படத்தின் ஒரே ஒரு காட்சியைத் திரும்ப ஓட்டுங்கள். எடுத்த பிள்ளையை முன்னுக்குக் கூப்பிட்டு "ஏன் இந்த இடத்தில் வெட்டினாய்?" என்று கேளுங்கள். "தெரியாது" என்று சொன்னாலும் குற்றமில்லை, அதற்குப் பிறகு யோசிக்கும். பரிசு கிடைக்காத படங்களுக்கும் புள்ளித்தாளைக் கையில் கொடுங்கள். தலைப்பை நீங்களே முடிவு செய்து கொடுப்பதை நிறுத்தினால் இன்னும் நல்லது. காசு தருகிற நிறுவனம் விடாது என்றால், தலைப்புக்குள் நின்று எப்படி எடுத்தார்கள் என்பதையாவது பாருங்கள். அடுத்த நோட்டீசில் "கருத்து" என்பதற்கு எத்தனை புள்ளியோ, அதே அளவு ஒலிக்கும் படத்தொகுப்புக்கும் என்று அச்சடியுங்கள்.

புரொஜெக்டரும் இரண்டு ஸ்பீக்கரும் என்னிடம் இருக்கின்றன. கலியாணம் இல்லாத நாளாக வைத்தால் கொண்டுவந்து பூட்டித் தருவேன், வாடகை வேண்டாம்.

இப்படிக்கு,
பின்வரிசையில் இருந்து பார்க்கும் ஒரு வீடியோக்காரன்
புதுக்குடியிருப்பு