என்னைத் தடுத்து நிறுத்தியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அம்மிச்சிக்கும், பக்கத்து வீட்டு டீச்சர் அம்மாவுக்கும், ஆர்கான் வெல்டிங் அண்ணனுக்கும், லேத் பட்டறை அண்ணனுக்கும், எஞ்சின் வேலை சொல்லித்தந்த பெரியவருக்கும், இந்த மடலில் அடுத்தடுத்து வரப்போகிற எல்லோருக்கும் வணக்கம்.

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் பந்தயத் தடத்தில், நாம் பந்தயக் காராக மாற்றிய வெள்ளை மாருதி ஜென் 14 சுற்றுகள் ஓடியது. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். மொத்தம் 29 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவு தூரம் ஓடுவதற்கு நமக்கு மூன்றரை ஆண்டுகள் ஆயின. பிரேக் மிதி முதல் சுற்றில் எந்த உயரத்தில் பிடித்ததோ, கடைசிச் சுற்றிலும் அதே உயரத்தில் பிடித்தது. ஆயில் பிரஷர் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. ஓட்டி முடித்துத் தலைக்கவசத்தைக் கழற்றியதும், யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் எண்ணத் தொடங்கினேன். எண்ணிக்கொண்டே போனபோது ஒன்று தெரிந்தது. நீங்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாள் என்னைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறீர்கள். அன்றைக்கு எனக்கு அது கசந்தது. அந்த "வேண்டாம்"களுக்காகத்தான் இந்த மடல்.

முதலில் அம்மிச்சி, என் பாட்டி. இந்த ஜென் என் தாத்தா அப்புச்சியுடையது. 1998ஆம் ஆண்டு வாங்கியது. 993 சிசி, கார்புரேட்டர் எஞ்சின். சிறு வயதில் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் அதன் பின்னிருக்கையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே போயிருக்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, மேலிருந்து இறங்கும் பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டு, இரண்டாவது கியரில் அப்புச்சி ஏறுவார். மலையும் காரும் என் மனத்தில் ஒன்றாகவே பதிந்துவிட்டன. அவர் போன பிறகு தோப்பு வீட்டுக் கொட்டகையில் தென்னை மட்டைகளுக்கு நடுவே நின்றிருந்த வண்டியை நான் கேட்டபோது, அம்மிச்சி சாவியைக் கொடுக்கவில்லை. "இதை ரோட்டில் ஓட்டமாட்டேன் என்று சொல், தருகிறேன்" என்றார். சொன்னேன். அதன்படியே பதிவுச் சான்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்படைத்து, பதிவை ரத்து செய்தேன். உள்ளே பாதுகாப்புக் குழாய்க் கூண்டு வைத்து, எஞ்சின் மாற்றி, உடலை அறுத்த வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டச் சட்டத்தில் இடமில்லை. சட்டம் தெரியாமலேயே அம்மிச்சி அதைச் சொல்லிவிட்டார்.

வால்பாறைச் சாலையில் வேகம் காட்ட நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. அது மக்களின் சாலை. என் கனவில் இருந்தது வேறொரு மலை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பைக்ஸ் பீக் என்னும் மலையில் 1916 முதல் ஹில் கிளைம்ப் என்னும் மலையேறும் கார்ப் பந்தயம் நடந்து வருகிறது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர், 156 வளைவுகள், முடிவுக் கோடு 4,300 மீட்டர் உயரத்தில். அங்கே 2011இல் பத்து நிமிடத்துக்குள் உச்சியைத் தொட்ட முதல் மனிதர் ஜப்பானின் நொபுஹிரோ தஜிமா. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் சுசுகி கல்டஸ் என்ற சிறிய காரில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு எஞ்சின்களைப் பொருத்தி அதே மலையில் ஏறியவர். அந்தக் கல்டஸின் செடான் வடிவம்தான் நம் ஊரில் முதலில் மாருதி 1000 என்றும், 1994 முதல் எஸ்டீம் என்றும் ஓடியது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்புச்சியின் வண்டிக்கும் அந்த மலைக்கும் ஒரு சொந்தம் இருப்பதாகத் தோன்றியது. ஜென்னின் எஞ்சினும் எஸ்டீமின் எஞ்சினும் சுசுகியின் ஒரே ஜி வரிசையில் பிறந்தவை. அதனால் எஸ்டீமின் 1298 சிசி, 85 குதிரைத்திறன் எஞ்சினை ஜென்னுக்குள் இறக்குவது நம் நாட்டில் பலர் செய்து பார்த்த வேலை.

கோவை உக்கடத்தில் பழைய உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பாய் எனக்கு விற்க மறுத்த எஞ்சின்களின் எண்ணிக்கை மூன்று. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "இது தண்ணீரில் நின்ற வண்டி, எடுக்காதீர்கள்" என்று ஒன்றைத் தள்ளினார். இன்னொன்றின் ஆயில் மூடியைத் திறந்து, உள்ளே மோர் போல வெளுத்திருந்ததைக் காட்டினார். நான்காவது எஞ்சின் வர ஏழு மாதம் ஆனது. கியர்பாக்ஸையும், ஒயரிங் முழுவதையும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவையும் ஒரே வண்டியிலிருந்து கழற்றி, பெயர் எழுதிய துணிப்பைகளில் போட்டுக் கொடுத்தார். பாய், அந்தப் பைகளில் ஒன்றைக்கூட நான் தூக்கி எறியவில்லை.

எஞ்சினைப் பிரித்துச் சேர்த்துத் தந்த பெரியவரைப் பற்றி நிறைய எழுத வேண்டும். கோவையில் கார்ப் பந்தயம் என்றாலே கரிவர்தனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1988இல் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை இந்த ஊரிலேயே உருவாக்கியவர் அவர். 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்துத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. நாராயண் கார்த்திகேயன் உட்பட எத்தனையோ பேர் அந்தக் குட்டிக் கார்களில் ஓட்டப் பழகினார்கள். அந்தக் காலத்துப் பட்டறைகளில் ஸ்பேனர் பிடித்த கைகள்தாம் நம் பெரியவருடையவை.

எஞ்சினை வண்டியில் ஏற்றிய அன்றே ஸ்டார்ட் செய்து நண்பர்களுக்குக் காட்ட ஆசைப்பட்டேன். பெரியவர் விடவில்லை. மதியச் சாப்பாட்டில் தட்டில் ஊற்றியிருந்த ரசத்தைக் காட்டி, தட்டை மெல்லச் சாய்த்தார். ரசம் ஒரு பக்கமாக ஓடியது. நடுத்தட்டு காய்ந்தது. "நீண்ட வளைவில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் உன் சம்ப்புக்குள் இதுதான் நடக்கும். ஆயில் ஓரத்துக்கு ஓடிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும், இரண்டு விநாடியில் பேரிங் போய்விடும்" என்றார். சம்ப்பைக் கழற்றி, உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்து, ஆயில் பம்ப்பை நோக்கி மட்டுமே திறக்கும் சிறு கதவுகள் அமைக்க ஐந்து வாரம் ஆனது. தடத்தில் ஓட்டிய அன்று நீண்ட வளைவுகளில் ஆயில் விளக்கு எரியாமல் இருந்ததற்கு அந்த ரசத் தட்டுதான் காரணம், ஐயா.

கூண்டு வேலைக்கு வருகிறேன். வெல்டிங் அண்ணன் இரண்டு முறை என்னைத் திருப்பி அனுப்பினார். முதல் முறை நான் வாங்கி வந்தது கேட் செய்யும் மடிப்புக் குழாய். நீளவாக்கில் தையல் ஓடும் குழாய், வண்டி உருண்டால் அந்தத் தையலிலேயே பிளக்கலாம் என்று சொல்லி, கையில்கூட வாங்காமல் வைத்துவிட்டார். சர்வதேச விதிப்படி, கூண்டின் பிரதான வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும், அல்லது 50 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள தையலற்ற எஃகுக் குழாய் வேண்டும். மற்றக் குழாய்களுக்கு 38 மில்லிமீட்டர் போதும். அது கிடைத்து எடுத்துப் போனபோது, கூண்டின் கால்களை நேராகத் தரைத் தகட்டில் வெல்டு வைக்கச் சொன்னேன். மறுத்துவிட்டார். "ஜென்னின் தரை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கால் ஊசி போல் குத்திக்கொண்டு கீழே இறங்கிவிடும்" என்றார். ஒவ்வொரு காலுக்கும் அடியில் 3 மில்லிமீட்டர் கனத்தில், 120 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாத தகடு வைத்து, உடலோடு வெல்டு செய்து, அதன்மேல்தான் காலை போல்ட் போட்டு இறுக்கினார். ஒரு காலுக்கு ஒரு நாள். அவசரப்படுத்திப் பேசிய என் சொற்களுக்கு இங்கே எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அண்ணா.

லேத் அண்ணன் மறுத்தது ஃப்ளைவீலை, அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரத்தை. எஞ்சின் சட்டென்று சுற்றேற வேண்டும் என்று, அதிலிருந்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு இரும்பைக் கடைந்து எடுக்கச் சொன்னேன். வார்ப்பிரும்பை நடுவில் மெலியவிட்டால் நிமிடத்துக்கு 7000 சுற்றில் அது வெடிகுண்டு, கால் இருக்கும் இடம் அதற்கு நேர்பின்னால் என்றார். வெளி விளிம்பிலிருந்து மட்டும் ஒன்றரைக் கிலோ எடுத்தார். மையத்தில் எடுக்கும் ஒரு கிலோவைவிட விளிம்பில் எடுக்கும் கால் கிலோவுக்குப் பலன் அதிகம் என்பதை அவர் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன். கூலி கேட்டபோது, "வண்டி ஓடட்டும்" என்று மட்டும் சொன்னார். ஓடிவிட்டது, அண்ணா. கணக்குச் சொல்லுங்கள்.

டீச்சர் அம்மா, உங்கள் பேத்தி பிளஸ் டூ தேர்வுக்குப் படித்த இரண்டு மாதமும் எங்கள் போர்டிகோவில் கிரைண்டர் சத்தம் வரக்கூடாது என்று நீங்கள் சொன்னது முற்றிலும் நியாயம். சத்தமில்லாத வேலை என்ன இருக்கிறது என்று யோசித்துத்தான் ஒயரிங்கில் கை வைத்தேன். அவசரமில்லாமல், ஒவ்வொரு கம்பியாக அளந்து, தேவையற்றதை நீக்கி, ஒவ்வொரு முனையிலும் எண் கட்டினேன். அந்த அமைதி கிடைக்காமல் போயிருந்தால் இந்த வண்டியின் ஒயரிங் இவ்வளவு ஒழுங்காக அமைந்திருக்காது. பேத்திக்குப் பொறியியல் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் இனிப்பு வாங்கினோம்.

பின்னால் இருக்கும் பெரிய இறக்கையைப் பார்த்தவர்கள் எல்லோரும் விசாரிக்கிறார்கள். மலைப்பாதைப் பந்தயக் கார்களுக்கு இறக்கை பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. காற்று தரும் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி மாறும். வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசிதான். கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் குறைவு என்பதால், பரப்பைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். பள்ளிக்கூடங்களுக்குச் சறுக்கு மரம் செய்துதரும் ஃபைபர் பட்டறைக்காரர் இந்த இறக்கையை வார்த்துத் தந்தார். அதைப் பின்கதவில் மாட்ட நினைத்தேன். அவர் கதவை ஒரு விரலால் அழுத்தினார், தகடு உள்வாங்கியது. வேறு ஒன்றும் பேசவில்லை. இப்போது இறக்கையின் கால்கள் பின்கதவைத் துளைத்து இறங்கி, அடியில் உள்ள உடற்சட்டத்தில் நிற்கின்றன.

தேங்காய் மண்டிக்காரர் நான்கு மின்னணுத் தராசுகளை ஒரு ஞாயிறு முழுவதும் கொடுத்தார். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து எடை பார்த்தோம். 668 கிலோ. ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்குச் சமமாக அரிசி மூட்டையை வைத்து, சுருள்வில் தட்டுகளைத் திருகித் திருகிக் மூலைக்கு மூலை குறுக்காக விழும் எடையைச் சமன் செய்தோம். மாலையில் அதே மூட்டை அவர் வீட்டுக்கே போனது.

முதல் முறை தடத்துக்குப் போன நாளைப் பற்றியும் எழுத வேண்டும். அன்று நான் ஓட்டவே இல்லை. ஆய்வுக்கு வந்தவர் இருக்கைப் பட்டையின் முத்திரையைப் புரட்டிப் பார்த்து, தையலை நகத்தால் கீறி, இது போலி என்றார். முழு விலை கொடுத்து வாங்கியது. விற்றவரைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை. வாழைத்தார் ஏற்றும் லாரியில் வண்டியை ஏற்றி வந்த ஓட்டுநர் அண்ணன், அன்று வாடகையே வாங்காமல் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். வீடு வரும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆய்வாளர் ஐயா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. இரண்டாம் முறை நான் எங்கே பிரேக் பிடிக்கத் தயங்கினேனோ, அங்கே நெஞ்சில் இறுகிய பட்டை அசலானது. அதற்காக வாழ்நாள் முழுவதும் உங்களை நினைப்பேன்.

பிரேக் மெக்கானிக் தம்பிக்கு ஒரு சொல். திறந்து ஒன்பது மாதமான பிரேக் ஆயிலை ஊற்ற விடாமல் புட்டியைப் பிடுங்கி வைத்தாய். புதிய டாட் 4 திரவம் 230 டிகிரிக்குக் கீழ் கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். மிதி பஞ்சாகாமல் நின்றது உன்னால்தான்.

என் மனைவிக்கு நன்றி சொல்வது இந்த மடலில் அடங்காது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் எவ்வளவு இறுக்கம் என்று நோட்டில் எழுதியது அவள். நான் டார்க் ரெஞ்ச் வைத்து முடித்ததும் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டதும் அவள். கோடு இல்லாத ஒரு போல்ட்டைக் கண்டுபிடித்து, லாரி கிளம்பும் நேரத்தில் நிறுத்தியவளும் அவளே. முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ராக்கைப் பிடித்திருக்கும் போல்ட் அது.

அப்புச்சி ஒட்டிய சிறு பித்தளைப் பிள்ளையாரை மட்டும் டேஷ்போர்டிலிருந்து நாங்கள் எடுக்கவில்லை. எடை குறைக்கும் கணக்கில் 90 கிராம். அதைக் கேட்டபோதுதான் அம்மிச்சி முதல்முறையாகச் சிரித்தார்.

வரும் ஞாயிறு காலை வண்டி எங்கள் போர்டிகோவில் நிற்கும். அம்மிச்சி ஊரிலிருந்து வந்து சந்தகை பிழிவதாகச் சொல்லியிருக்கிறார். தேங்காய்ப்பாலும் உண்டு. எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். லேத் அண்ணன் மட்டும் ஏழு மணிக்கே வந்துவிடுங்கள். சந்தகை மரத்தைத் திருகுவதற்கு நல்ல கை வேண்டுமாம்.

என்றும் நன்றியுடன்,
அம்மிச்சியின் பேரன்