ஆடி மர்ஃபி நடிகரும்தான், ஐயா!

பழைய ஹாலிவுட் படங்களை ஒளிபரப்பும் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் பதக்கங்களைக் குவித்து, பிறகு ஹாலிவுட் நடிகரான அமெரிக்கர் ஆடி மர்ஃபிக்கென்று போன மாதம் ஒரு வாரத்தையே ஒதுக்கினீர்கள். அதற்கு முதலில் நன்றி. மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த ஏழு நாளில், அவருடைய போர்க்கதையைச் சொல்லும் 'டு ஹெல் அண்ட் பேக்' மூன்று முறை வந்தது, மூன்றும் இரவு எட்டு மணிக்கு. 'நோ நேம் ஆன் தி புல்லட்' ஒரே ஒரு முறை, இரவு இரண்டரைக்கு. நான் அலாரம் வைத்து எழுந்தேன். சினிமாஸ்கோப்பில் எடுத்த படத்தை இரண்டு பக்கமும் வெட்டிப் போட்டிருந்தீர்கள். மர்ஃபியும் டாக்டரும் சதுரங்கம் ஆடும் காட்சியில் எனக்குக் கிடைத்தது ஒரு பலகையும் அரை மூக்கும். அந்த மூக்கு யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். அவரை நடிகராகவும் காட்டுங்கள்.

பிரான்சின் ஹோல்ட்ஸ்விர் கிராமத்துப் பனியில், 1945 ஜனவரி 26 அன்று, எரிந்துகொண்டிருந்த ராணுவ வண்டிமேல் ஏறி நின்று அவர் இயந்திரத் துப்பாக்கியால் சுட்ட கதையை நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கு முன்னும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். அந்த மனிதர் அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கும் மேல் கேமரா முன்னால் நின்றார். நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள், பெரும்பாலும் வெஸ்டர்ன். இது உங்கள் அறிமுகத்தில் ஒரு வரிகூடப் பெறவில்லை.

நீங்கள் மூன்று முறை போட்ட படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1944 ஆகஸ்டில் தெற்கு பிரான்சில் லாட்டி டிப்டன் என்ற நண்பர் மர்ஃபியின் கண்ணெதிரே இறந்தார். சரணடைவதுபோல் காட்டிய எதிரிகளை நம்பி எழுந்து நின்ற டிப்டனைச் சுட்டுவிட்டார்கள். 1955-இல் வந்த படத்தில் அந்த நண்பருக்குப் பெயர் பிராண்டன். தலையணைக்கடியில் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியோடு படுத்தவர், தூக்க மாத்திரைக்கு அடிமையாகி, பின்னாளில் ஒரு மோட்டல் அறையில் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு அந்தப் பழக்கத்தை விட்டவர் மர்ஃபி. அவர் அந்தச் சாவைச் செட் போட்டு, விளக்கு போட்டு, மறுபடி நடித்துக் காட்ட வேண்டியிருந்தது. தன் வேடத்தில் தானே நடிக்க அவர் முதலில் தயங்கியதில் என்ன வியப்பு? ஸ்டூடியோவுக்கு நல்ல வசூல். அந்தக் காலத்தில் யுனிவர்சலின் பெரிய வெற்றிகளில் அதுவும் ஒன்று. அதைத்தான் நீங்களும் வாரத்துக்கு மூன்று முறை வசூலிக்கிறீர்கள்.

பிராண்டனாக வந்த சார்லஸ் டிரேக்தான் நான்கு வருடம் கழித்து அந்தச் சதுரங்க டாக்டர். அதையும் வெட்டிவிட்டீர்கள், போகட்டும்.

1959-இல் வந்த 'நோ நேம் ஆன் தி புல்லட்' படத்தில் மர்ஃபி கூலிக்குக் கொல்பவன், பெயர் ஜான் காண்ட். ஊருக்குள் வந்து சும்மா உட்கார்ந்து காபி குடிக்கிறான். யாரைக் கொல்ல வந்தான் என்று தெரியாமல் ஊரே தன் பழைய பாவங்களை எண்ணிக் கலங்குகிறது. குழந்தை முகம், மெல்லிய குரல், அசையாத கண். கத்துகிற வில்லன்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த அமைதிதான் அடிவயிற்றைக் கலக்குகிறது. 'நைட் பாசேஜ்' படத்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பக்கத்தில் நின்றும் மங்காதவர். 1951-இல் ஜான் ஹூஸ்டனின் 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' படத்தில், மார்பு நிறையப் பதக்கம் வாங்கியவர், முதல் சண்டையிலேயே பயந்து ஓடும் சிப்பாயாக நடித்தார். அதை ஸ்டூடியோ எழுபது நிமிடத்துக்கும் குறைவாக வெட்டியது. வெட்டும் மரபு உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

பொதுவாகவே கேட்கிறேன், பழைய படம் என்றால் ஏன் இந்த அலட்சியம்? ஓரம் போனால் என்ன, இதைப் பார்க்கிற கிழவர்களுக்குக் கண்ணா தெரியப்போகிறது என்றா? எனக்கு வயது அறுபத்து மூன்று. கண் நன்றாகவே தெரிகிறது.

சரி, கோபத்தை விடுகிறேன். பணிவாகவே கேட்கிறேன். மர்ஃபி விமான விபத்தில் இறந்தது 1971 மே 28. அடுத்த மே 28 அன்று, இரவு எட்டு மணிக்கு, 'நோ நேம் ஆன் தி புல்லட்' படத்தை முழு அகலத்தில் போடுங்கள். அறிமுகத்தில் 'நடிகர் ஆடி மர்ஃபி' என்று சொல்லுங்கள். விளம்பரம் எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். சதுரங்க ஆட்டத்தின் நடுவில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
இரண்டரை மணிக்கு எழுந்த ஒரு நேயர்