இலவச வகுப்பு வேண்டாம், ஓர் அறையும் ஓர் அலமாரியும் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பில் பாட்டு கிளாஸெல்லாம் வியாபாரமாகிவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டுப் படித்ததில் முதல் தோசை கருகிப்போனது. அந்த எரிச்சலில் எழுதினால் சரியாக இருக்காது என்று மூன்று நாள் ஆறப்போட்டு இதை எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் பத்தொன்பது வருடமாகப் பாட்டும் வயலினும் சொல்லித் தருகிறேன். மிருதங்கத்துக்கு ஈப்போவிலிருந்து ஒரு தம்பி வாரம் ஒருமுறை முப்பது கிலோமீட்டர் மோட்டாரில் வந்து போகிறார். முன்பு கடைவீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம், போர்டு மாட்டி, லைசென்ஸ் எடுத்து, தீயணைக்கும் சிலிண்டர்கூட வாங்கி வைத்து, எல்லாம் முறைப்படித்தான். 2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, மாடியைப் பூட்டினோம், வாடகை மட்டும் பூட்டிக்கொள்ளவில்லை. எட்டு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு வீட்டு முன் கூடத்துக்கு வந்துவிட்டேன். அந்த எட்டு மாதமும் கைப்பேசியில் வகுப்பு எடுத்துப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இணையத்தில் தனியாக ஒரு பிள்ளைக்குச் சொல்லித் தரலாம், நான்கு பிள்ளைகளைச் சேர்ந்து பாட வைக்க முடியாது. நான் போட்ட தாளம் அந்தப் பக்கம் அரை நொடி கழித்துப் போகும், அவர்கள் பாடியது இன்னும் அரை நொடி கழித்து எனக்கு வரும், கேட்பதற்குப் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் நாலு கடை ஸ்பீக்கரை ஒன்றாகத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும்.

சரி, வியாபாரம் என்ற பேச்சுக்கு வருகிறேன். நான் மாதம் 60 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறேன், வாரம் இரண்டு வகுப்பு. இது அதிகமா குறைவா என்று வாசகர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். ஆனால் இலவசமாகவும் நடத்திப் பார்த்திருக்கிறேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு சங்கத்துக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் ஓராண்டு காசு வாங்காமல் எடுத்தேன். முதல் நாள் 43 பிள்ளைகள், உட்காரப் பாய் போதவில்லை, சங்கத்தார் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது மாதம் எண்ணிப் பார்த்தால் ஆறு பேர். மீதிப் பேர் எங்கே என்று ஒரு தாயாரைக் கேட்டேன், “இன்னைக்கு அவனுக்குத் தூக்கமா வருதுன்னான் டீச்சர், ப்ரீதானே, விட்டுட்டேன்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அடுத்த வருடம் 20 வெள்ளி என்று வைத்தேன், பதினைந்து பேர் சேர்ந்தார்கள், பதினான்கு பேர் வருடம் முழுக்க வந்தார்கள். இதே ஊர்க்காரரான, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி ரப்பர் தோட்டத் தொழிலாளிகளிடமே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கிக் காட்டினார், என் அப்பா பால் வெட்டிய காசில் அதில் ஒரு பங்கு போட்டார். நம் ஆள்களுக்குக் கொடுக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பக்கத்துக் கடைவரிசையில் ஒரு பியானோ சென்டர் இருக்கிறது. நம் பிள்ளைகளும் போகிறார்கள். லண்டன் போர்டு தேர்வு, எட்டு கிரேடு, வருடத்துக்கு ஒரு சர்டிபிகேட். மாதக் கட்டணம் என்னுடையதைப் போல மூன்று மடங்கு, தேர்வுக் கட்டணம் தனி, பிள்ளை வராவிட்டாலும் காசு திரும்பாது. அங்கே வாய் திறக்காமல் கட்டும் பெற்றோர் என்னிடம் “போன மாசம் ரெண்டு கிளாஸ் வரல டீச்சர், கழிச்சுக்கலாமா” என்று கேட்பார்கள். முதலில் வருத்தமாக இருந்தது, அப்புறம் யோசித்தால் தப்பு என் மேல்தான். பியானோ டீச்சர் முதல் நாளே விதியைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார், நான் “அதெல்லாம் பாத்துக்கலாம்மா” என்று சொல்லிவிட்டுப் பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவரைப் பார்த்து நானும் ஒரு தாள் அடித்து வைத்தேன், அந்தக் கேள்வி நின்றுவிட்டது. அந்த நேரம் அந்தப் பிள்ளைக்கு என்று ஒதுக்கியது, அவன் வந்தாலும் வராவிட்டாலும் நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன், அதற்குத்தான் காசு.

வாசகர் இன்னொன்றும் எழுதியிருந்தார், ஆறு மாதமாகியும் சரிகமபதநியைத் தாண்டவில்லை, இழுத்தடிக்கிறார்கள் என்று. இதைப் பத்தொன்பது வருடமாகக் கேட்கிறேன். ஐயா, அந்த முதல் பயிற்சிக்குச் சரளி வரிசை என்று பெயர், அது மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கிறது. ஸவுக்குப் பக்கத்திலேயே ஒட்டினாற்போல் ரி, அப்புறம் ஒரு தாவல் தாவி க, அதை ஒட்டி ம. மேலே போனாலும் அதே கதை, பவை ஒட்டி த, தாவி நி, ஒட்டி மேல் ஸ. கீழ்ப்பாதி எப்படியோ மேல்பாதியும் அப்படியே. ஒரு பாதியைப் பிடித்துவிட்ட பிள்ளைக்கு மறுபாதி பாதி வந்த மாதிரி. ஆனால் அந்த ஸ, ரி இரண்டுக்கும் நடுவில் உள்ள சின்ன இடைவெளியைக் காது பிரித்துக் கேட்க நாளாகும். எட்டு வயதுப் பிள்ளை ரி என்று நினைத்து ஸவையே பாடிக்கொண்டிருக்கும், அதற்கே தெரியாது, திடீரென்று ஒரு நாள் தெரியும், தெரிந்ததும் கண்ணை அகல விரித்து என்னைப் பார்க்கும். அந்த நாள் எப்போது வரும் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட முடியாது. அப்புறம் அதையே மூன்று காலத்தில் பாட வேண்டும், ஒரு எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு, கை எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தை அதே வேகத்தில் போட்டுக்கொண்டிருக்க வாய் மட்டும் ஓட வேண்டும். வாய் ஓடும்போது கையும் கூடவே ஓடிவிடும், அதுதான் எல்லாருக்கும் வரும் சிக்கல். அந்தக் கையை நிறுத்திவைக்கத்தான் ஆறு மாதம்.

இதில் கூட்டமாகப் பாடுவதில் இன்னொரு தலைவலி, சுருதி, அதாவது ஸவை எந்த உயரத்தில் வைத்துப் பாடுவது என்பது. ஒரு பெண் நான்கு கட்டையில் நிம்மதியாகப் பாடுவாள், பக்கத்தில் இருப்பவளுக்கு ஆறு வேண்டும், எல்லாரையும் ஐந்தில் உட்கார வைக்கிறோம், யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. கட்டை என்று நாம் சொல்வதே ஹார்மோனியத்தின் கட்டைதான். இந்தியாவில் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அந்த ஹார்மோனியத்தையே தடை செய்து வைத்திருந்தது. இங்கே எங்கள் தோட்டத்துப் பஜனை மடத்துக்கு அந்தச் செய்தி வந்து சேரவேயில்லை போலிருக்கிறது. எங்கள் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், சனிக்கிழமை இரவு ஹார்மோனியத் துருத்தியை இழுத்துக்கொண்டு வாசிப்பார், நான் அவர் மடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பார்த்துத்தான் முதலில் கற்றுக்கொண்டேன்.

அந்த மடம் இப்போது இல்லை. தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த லயம் வீடுகளும் இல்லை, பால்மரம் இருந்த இடமெல்லாம் செம்பனை. ஆனால் உள்ளே இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன, அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

இரண்டு வருடத்துக்கு முன் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்து ஒரு பையன் வயலின் படிக்க வந்தான். அவன் அப்பா ஈப்போ பக்கம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். மாலை ஐந்தரைக்கு மகனை மோட்டாரில் கொண்டுவந்து விட்டுவிட்டு நேரே வேலைக்குப் போவார், ஏழரை மணிக்குச் சித்தப்பா யாராவது வந்து கூட்டிப் போக வேண்டும். மழை நாளில் வயலின் பெட்டியைக் குப்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டி முதுகில் மாட்டியிருப்பான், அவன் மட்டும் தொப்பலாக நனைந்திருப்பான், பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சொட்டு இருக்காது. பத்து மாதத்தில் சரளிக்கு அடுத்த ஜண்டை வரிசையையும் முடித்து, அலங்காரம் என்ற தாளப் பயிற்சிக்கு வந்துவிட்டான். அப்புறம் சித்தப்பாவுக்கு ஜொகூரில் வேலை கிடைத்தது, பையன் நின்றுவிட்டான். காசு கட்ட முடியாமல் நிற்கவில்லை, திரும்பிப் போக ஆள் இல்லாமல் நின்றான்.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் காலையில் பள்ளிக்கூட வேனில் ஊருக்கு வருகிறார்கள். பள்ளி விட்டதும் கூடுதல் வகுப்புக்குத் தங்கும் பிள்ளைகளுக்காக நான்கு மணிக்கு இன்னொரு நடை வேன் போகிறது. இரண்டு மணியிலிருந்து நான்கு வரை பாட்டு கிளாஸ் வைத்தால் அதே வேனில் வீட்டுக்குப் போய்விடலாம், வேன் அண்ணனிடமும் பேசிவிட்டேன், அவருக்குச் சம்மதம். இடம்தான் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். என் வீடு ஊரின் மறுகோடியில் ஒரு தாமானில், குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது. பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கோயில் இருக்கிறது, பெரிய மண்டபம், மேடை, காற்றாடி, கழிப்பறை எல்லாம் இருக்கிறது. எந்தக் கோயில் என்று எழுத மாட்டேன், சண்டை போட இந்தக் கடிதம் எழுதவில்லை. வாரநாளில் மதியம் போய்ப் பார்த்தேன், மேடையில் இரண்டு பூனை படுத்திருந்தன, அவ்வளவுதான் கூட்டம்.

நிர்வாகத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். “காசு வாங்கிட்டு நடத்துறதுன்னா அது வியாபாரம் டீச்சர், கோயில் மண்டபத்தைக் கொடுக்க முடியாது, இலவசம்னா பேசலாம்” என்றார் ஒருவர். அங்கேதான் எனக்கு உங்கள் வாசகருடைய கடிதம் ஞாபகத்துக்கு வந்தது, அதே வார்த்தை. அதே மண்டபம் கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகிறது, அது தப்பும் இல்லை, கோயிலுக்கு மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டும். திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து மேளமும் கச்சேரியும் வரவழைக்கிறார்கள், அதற்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள், அதுவும் தப்பில்லை, கலைஞர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஒரு நாள் வாசித்துவிட்டுப் போகிறவருக்குக் காசு கொடுத்தால் சன்மானம், வருடம் முழுக்க நம் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறவர் காசு வாங்கினால் வியாபாரமா என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும், வாய் வரவில்லை, படி இறங்கி வந்த பிறகுதான் வந்தது.

வருடா வருடம் இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழா நெருங்கும்போது மட்டும் என் வீட்டு வாசலில் செருப்பு நிறையும். இரண்டு மாதத்தில் ஒரு பதிகம் பாடம் பண்ணிக் கொடுங்கள் என்பார்கள். கொடுக்கிறேன், பிள்ளை பரிசும் வாங்கிக்கொண்டு வரும். ஆனால் திருஞானசம்பந்தர் பாடிய முதல் பதிகம் நட்டபாடை என்ற பழைய தமிழ்ப் பண், அதை இன்று கம்பீர நாட்டை ராகத்தில் பாடுகிறோம் என்று சொல்லிக் கொடுக்க எனக்கும் நேரமிருக்காது, கேட்க அந்தப் பிள்ளைக்கும் நேரமிருக்காது. பரிசு வாங்கிய மறுவாரம் காணாமல் போய்விடும், மறுபடி அடுத்த வருடம்தான்.

உருமி மேளத்துப் பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறையப் பேர் அவர்களை ஏளனமாகப் பேசுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. போன தைப்பூசத்துக்குப் பிறகு இரண்டு பேர் சும்மா பார்க்க வந்தார்கள், வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்துத் தேய்த்து ஒருவனுக்கு விரல் காய்த்துப்போயிருந்தது. மிருதங்கத் தம்பி மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் ஒரு சொல்கட்டை, அதாவது தாளச் சொற்களின் கோவையைச் சொன்னார், மற்ற பிள்ளைகள் மூன்று வாரம் திணறியதை அந்தப் பையன் இரண்டாவது தடவையே கையில் கொண்டுவந்துவிட்டான். அவன் மதியம் சும்மாதான் இருக்கிறான். அவனுக்கும் இடம்தான் வேண்டும்.

கடைசியாக அலமாரி. இப்போது வாத்தியங்களை எல்லாம் என் பழைய காரில் ஏற்றிக்கொண்டுதான் எங்கும் போகிறேன். நம் ஊர் வெயிலில் பின்பக்க டிக்கியில் ஒரு மத்தியானம் இருந்தால் போதும், வயலினில் பசை இளகிக் கழுத்து அசைய ஆரம்பிக்கும், போன ஜூலையில் ஒன்று அப்படிப் போனது. மழைக்காலத்தில் மிருதங்கத்து வார் தளர்ந்து வலக்கைப் பக்கமான வலந்தலையின் சுருதி இறங்கிவிடும், தம்பி வந்ததும் முதல் கால் மணி நேரம் கல்லை வைத்துத் தட்டிச் சுருதி சேர்ப்பதிலேயே போகிறது. வெயிலும் ஈரமும் படாமல் பூட்டி வைக்க ஒரு மர அலமாரி, அவ்வளவு போதும், அதை நானே வாங்கிப் போடுகிறேன்.

எனக்கு வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று கோயிலில் கூட்டம். சனி ஞாயிறும் வேண்டாம், அது கல்யாண நாள். திங்களும் புதனும் மதியம் இரண்டிலிருந்து நான்கு. மின்சாரத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை கட்டிவிடுகிறேன், முடிந்ததும் கூட்டிப் பெருக்கிவிட்டுச் சாவியைக் குருக்களிடம் கொடுத்துவிட்டு வருவேன். அந்தக் கோயில் முடியாது என்றால் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சும்மா பூட்டிக் கிடக்கும் வேறு மண்டபமோ சங்கக் கட்டடமோ வைத்திருப்பவர்கள் பள்ளி வாசலில் நிற்கும் வேன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எனக்கு அன்றைக்கே வந்து சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு பாட்டு டீச்சர்,
சுங்கை சிப்புட், பேராக்.