தவறான பூட், பொருந்தாத ஸ்கின், கசிந்த பேட்டரி: நான்காவது முறையாகப் புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், தண்டையார்பேட்டை, சென்னை - 81
பெறுநர்: குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
நாள்: 12.01.2026

ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற நவம்பர் 28 அன்று ஸ்கீ டூரிங் (பனிமலையில் ஸ்கீயோடு நடந்தேறிச் சறுக்கி இறங்குவது) செட், பயணத் திட்டச் சேவை இரண்டுக்கும் சேர்த்து 1,86,400 ரூபாய் கட்டினேன். டிசம்பர் 9 முதல் எழுதிவருகிறேன். இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் "உங்கள் புகார் பெறப்பட்டது" என்ற தானியங்கி மெயில் மட்டுமே வந்தது. பிப்ரவரி 9 அன்று கனடாவுக்கு விமானம். கிளேசியர் தேசியப் பூங்காவின் ரோஜர்ஸ் பாஸ் கணவாய், ஆறு நாள். சரியாக நான்கு வாரம்தான் இருக்கிறது.

முதலில் பூட். 'பின்' பைண்டிங்குக்கான (பூட்டை ஊசி போன்ற பின்களால் ஸ்கீயில் பிணைக்கும் பாகம்) டூரிங் பூட், 27.5 மாண்டோ (சென்டிமீட்டரில் பாத அளவு) என்று பில்லிலேயே இருக்கிறது. வந்ததோ ரிசார்ட் பூட், லிஃப்டில் ஏறிச் சறுக்கி இறங்குபவர்கள் போடுவது. அடியில் அந்த வகைக்கான தர எண், ஐஎஸ்ஓ 5355, அச்சாகியிருக்கிறது. முன்பக்கம் பின் உட்காரும் உலோகக் குழி இல்லை, நடைக்கான லீவரும் இல்லை. இதைப் பின் பைண்டிங்கில் எப்படி மாட்டுவது? விற்கிற உங்களுக்குத் தெரியாததா? மாற்றி அனுப்பியது 26.5. கேட்டால், "ஒரு சைஸ்தானே சார், லைனரைச் சூடு பண்ணா செட் ஆயிடும்" என்கிறார்கள். 27, 27.5 இரண்டுக்கும் ஷெல் (வெளி ஓடு) ஒன்று, 26.5க்கு ஷெல்லே வேறு. உள்ளுறையான லைனரைச் சூடாக்கினால் ஷெல் நீளாது. சோல் நீளம் மாறினால் பைண்டிங்கில் குதிகாலைப் பிடிக்கும் ஹீல் பீஸையும் நகர்த்தவேண்டும். அதையும் செய்யாமல் முதல் பூட்டுக்கு வைத்த அளவிலேயே விட்டிருக்கிறீர்கள். அப்படியே போனால், விழும்போது கழலவேண்டியது கழலாது, செங்குத்தான இறக்கத்தில் கழலக்கூடாத நேரத்தில் கழன்றுகொள்ளும்.

ஸ்கீயின் இடுப்பு அகலம் 98 மில்லிமீட்டர். ஸ்கின்னை (ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டை) 84 மில்லிமீட்டருக்கு வெட்டி அனுப்பியிருக்கிறீர்கள். இரும்பு விளிம்புக்காகப் பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் விட்டால் போதும். இங்கே பக்கத்துக்கு 7 வெறுமையாக நிற்கிறது. இறுகிய பனியில் சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது எடை முழுவதும் அந்த ஓரத்தில்தான் விழும். பிடிக்க ஸ்கின் இல்லையென்றால் ஸ்கீ வழுக்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் ரேடியோ கருவி) விஷயம் அப்படியல்ல. பெட்டியின் சீலைக் கூரியர் பையன் முன்னால் பிரித்து வீடியோ எடுத்திருக்கிறேன். பேட்டரி மூடியைத் திறந்ததும் ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்கு. மூன்று பேட்டரியில் ஒன்றின் முனை வெடித்து ஈரமாக இருந்தது. புதிய பேட்டரி போட்டாலும் செல்ஃப் டெஸ்டில் எரர். பனிச்சரிவில் புதைந்தவரை முதல் 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. 457 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை அனுப்பாத கருவியை மார்பில் கட்டிக்கொண்டு போவதும் வெறுங்கையோடு போவதும் ஒன்றுதான்.

இதற்கு ஜனவரி 3 மாலை 4.10க்கு உங்கள் கால்சென்டர் ஊழியர் சொன்ன பதில்: "தண்டையார்பேட்டையா? உங்க ஏரியா உப்புக்காத்துல அப்படித்தான் சார் ஆகும். அங்க இருந்துகிட்டு ஸ்கீ எதுக்கு உங்களுக்கு?" அழைப்பு பதிவாகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், தயவுசெய்து போட்டுக் கேளுங்கள். சீல் பிரித்து மூன்று நிமிடத்தில் எந்த உப்புக்காற்று பேட்டரியை அரிக்கும்? அதோடு, "ரீசார்ஜபிள் போட்டுப் பாருங்க" என்று ஒரு யோசனை வேறு. நீங்கள் விற்ற மாடலின் கையேட்டிலேயே ஆல்கலைன் மட்டும் என்று இருக்கிறது. ரீசார்ஜபிள் 1.2 வோல்ட்; மீதி சார்ஜைக் கருவி தப்பாகக் காட்டும், தீரும்போது சட்டென்று தீர்ந்துவிடும்.

அடுத்த நாள்... இல்லை, அதற்கு முன்பே, டிசம்பர் 22. கிண்டி சர்வீஸ் சென்டருக்கு நேரில் வரச் சொன்னீர்கள். 172 சென்டிமீட்டர் ஸ்கீயை ஆட்டோவில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். டோக்கன் போட்டு இரண்டே கால் மணி நேரம் உட்காரவைத்து, "ஸ்கீ ஐட்டம் அம்பத்தூர் குடோன் சார்" என்றார்கள். அம்பத்தூர் போனால், "கிண்டியில சீல் போட்ட பேப்பர் இல்லாம வாங்கமாட்டோம்". ஒரு நாள் சம்பளமும் 1,150 ரூபாய் ஆட்டோ காசும் போயிற்று. எவர் பொறுப்பு?

நீங்கள் தந்த திட்டத் தாளைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். "பூங்கா நுழைவுச்சீட்டு போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். போதாது. ரோஜர்ஸ் பாஸில் நெடுஞ்சாலையைக் காக்கக் கனடா ராணுவம் 105 மில்லிமீட்டர் பீரங்கியால் சுட்டுப் பனிச்சரிவை வேண்டுமென்றே இறக்குகிறது. அதனால் குளிர்காலத்தில் கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளுக்குத் தனி பெர்மிட் வேண்டும். எந்தப் பகுதி திறப்பு, எது மூடல் என்று தினமும் காலையில் அறிவிப்பார்கள். உங்கள் தாளை நம்பிப் போனால் பீரங்கி சுடும் சரிவுக்குக் கீழே போய் நிற்கவேண்டியதுதான்.

அதே தாளில், "அபாய நிலை 3 வரை பயமில்லை, 35 டிகிரி சரிவில் இறங்கலாம்" என்றும் இருக்கிறது. பனிச்சரிவு அபாயத்துக்கு மொத்தம் 5 நிலை. உயிரிழப்புகள் அதிகம் நடப்பது 3இல்தான். பலகைப் பனி (தகடாக உடைந்து சரியும் பனி) பெரும்பாலும் உடைவது 30 முதல் 45 டிகிரிக்குள். 3 என்றால் 30 டிகிரிக்குக் குறைந்த சரிவிலேயே இருக்கவேண்டும், மேலே செங்குத்துச் சரிவு தொங்கும் இடத்தையும் தவிர்க்கவேண்டும். காசு வாங்கிக்கொண்டு இப்படி எழுதித் தருவது கொலைக்குச் சமம். உப்புக்காற்று என்று சொன்னவரிடம் இதையும் காட்டுங்கள்.

மூன்று வருடச் சேமிப்பு முழுவதும் மண்ணாகிவிட்டது. இருந்தாலும் உங்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. ஜனவரி 20க்குள் 27.5 டூரிங் பூட், அதற்குச் சரிசெய்த பைண்டிங், 94 மில்லிமீட்டர் ஸ்கின், புதிய டிரான்ஸீவர் வந்து சேரட்டும். முடியாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். அந்த ஊழியர் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

இ-காமர்ஸ் விதிகள் 2020இன்படி ஒரு மாதத்துக்குள் தீர்வு தரவேண்டும், அது கடந்துவிட்டது. 21ஆம் தேதி காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் போகும். அடுத்து சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சத்துக்கு உட்பட்ட பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. மன உளைச்சலுக்கு 5 லட்சம் தனியாகக் கேட்பேன்.

பொருட்களை எடுக்க வருபவர் முந்தின நாளே போன் செய்யட்டும். பூட், ஸ்கின் ஒரு பெட்டியில், டிரான்ஸீவர் தனியாக. கசிந்த பேட்டரிகளைக் கழற்றிப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருக்கிறேன், வெறுங்கையால் தொடவேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்