வலக்கை நிற்க வேண்டாம்

அன்பு மகளுக்கு,

நலம் விசாரிப்பதைத் தொலைபேசியிலேயே முடித்துக்கொண்டோம் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கிதாரைப் போன்ற சிறிய நாலு தந்தி வாத்தியமான யுகுலேலேயை வாங்கி, சி, ஏ மைனர், எஃப், ஜி செவன் ஆகிய நான்கு கார்டுகளையும், அதாவது சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டுகளையும், தனித்தனியே பிடிக்கப் பழகிவிட்டதாகவும், ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் பாட்டு நின்றுபோவதாகவும் எழுதியிருந்தாய். இசையை முறையாகக் கற்காத ஒருத்தி இந்த வயதில் தொடங்குவதில் பொருளுண்டா என்றும் கேட்டிருந்தாய். உண்டு, அதில் எனக்கு ஐயமே இல்லை. மற்றதைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் நீ தடுமாறி நிற்கும் அந்த மாற்றத்தில்தான் இந்த வாத்தியத்தின் தொடக்கப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. புதிய கார்டுகளைச் சேர்த்துக்கொண்டே போவதைவிட, இந்த நான்குக்குள் தாளம் விடாமல் போய்வரத் தெரிவதே இப்போது உனக்குத் தேவை.

அதற்கு முன் சுருதி. புதிய நைலான் தந்திகள் முதல் சில நாட்களுக்கு இழுபட்டு நீண்டுகொண்டே இருக்கும். காலையில் சேர்த்த சுருதி மாலைக்குள் இறங்கிவிடும். வாத்தியம் பழுது என்று எண்ணிவிடாதே. கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் சுருதி காட்டும் கருவியான ட்யூனரைத் தலைப்பகுதியில் மாட்டி, ஒவ்வொரு தந்தியையும் வேண்டிய சுரத்துக்குச் சற்றுக் கீழே தளர்த்தி, அங்கிருந்து மேலேற்றி நிறுத்து. மேலிருந்து இறக்கி நிறுத்தினால் முறுக்காணியில் தளர்வு தங்கிவிடும். சிறிது நேரத்தில் சுருதி நழுவும். உன் முகத்துக்கு அருகிலுள்ள தந்தியிலிருந்து தரையை நோக்கி வரிசை ஜி, சி, இ, ஏ. கிதாரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மேலே இருக்கும் தந்திதான் கனமாக ஒலிக்க வேண்டும் என்று தோன்றும். யுகுலேலேயின் வழக்கமான சுருதியில் அப்படி இல்லை. நான்கிலும் தாழ்ந்தது சி, அதாவது நம் கணக்கில் ஒரு கட்டை. ஜி அதற்கு மேலே ஏறி, ஏ தந்திக்கு அடுத்தபடியாக நிற்கிறது. சி ஏறத்தாழ 262 ஹெர்ட்ஸ், ஏ 440 ஹெர்ட்ஸ் என்றால், நான்கு தந்திகளும் ஒரே ஸ்தாயிக்குள் நெருங்கி நிற்கின்றன என்பது புரியும். யுகுலேலேக்கே உரிய அந்தப் பளிச்சென்ற ஒலி வருவதற்கு இந்த நெருக்கம் ஒரு முக்கியக் காரணம்.

இதில் உனக்கு மகிழ்ச்சி தரக்கூடிய ஒன்று உண்டு. சி தந்தியை ஷட்ஜமாகக் கொண்டால், விரலே வைக்காத நான்கு தந்திகளும் மேலிருந்து கீழாக ப, ச, க, த என்று ஒலிக்கும். மோகனத்தின் ஐந்து சுரங்களில் நான்கு அங்கேயே காத்திருக்கின்றன. சி தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில், அதாவது வாத்தியத்தின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள் பிரிக்கும் கட்டங்களில் இரண்டாவதில், ரி கிடைத்துவிட்டால் மோகனம் நிறைவாகிறது. இ தந்தியின் முதல் ஃபிரெட்டில் ம, ஏ தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் நி, மூன்றாம் ஃபிரெட்டில் மேல் ஷட்ஜம் என்று சேர்த்தால் சங்கராபரணத்தின் சுரங்கள் முழுவதும் வந்துவிடும். கமகங்களைத் தேடாதே, சுரங்களை மட்டும் நிதானமாக வாசி. இ தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் வரும் பஞ்சமமும் வெறும் ஜி தந்தியின் பஞ்சமமும் ஒன்றே என்பதால், ட்யூனர் சொல்வதை உன் செவியும் சரிபார்க்கும். இந்த ஒப்பீட்டை நாள்தோறும் ஒருமுறை செய். உன் செவி கூர்மையடைவதை நீயே உணர்வாய்.

விரல்நுனி வலியைப் பற்றி எழுதியிருந்தாய். சில வாரங்களில் தோல் சற்றுத் தடித்து வலி அடங்கிவிடும். ஆனால் அதற்கு முன்பே பாதி வலியைக் குறைக்க வழியுண்டு. ஃபிரெட்டுகளுக்கு நடுவில் அழுத்தாமல், உலோகக் கம்பிக்கு மிக அருகில், தலைப்பக்கமாக விரல்நுனியை வை. பிறகு தந்தியை மீட்டிக்கொண்டே அழுத்தத்தை மெல்ல மெல்லத் தளர்த்து. ஓரிடத்தில் ஒலி கரகரக்கும். அதற்குச் சற்று மேலே உள்ள அழுத்தம்தான் உனக்கு வேண்டியது. அதற்கு மேல் தருவதெல்லாம் வீணான உழைப்பு, சுருதியையும் சற்று ஏற்றிவிடும். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலோர் தேவையைவிட மிகுதியாகவே அழுத்துகிறார்கள் என்பது என் கணிப்பு. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள். நுனி எரிவது இயல்புதான். மணிக்கட்டு வலித்தாலோ விரல் மரத்துப்போனாலோ மட்டும் உடனே வாத்தியத்தைக் கீழே வைத்துவிடு.

இப்போது மாற்றத்துக்கு வருவோம். நீ ஒவ்வொரு கார்டையும் ஒரு தனிப் படமாக மனப்பாடம் செய்திருக்கிறாய் என்று உன் கடிதத்திலிருந்து தெரிகிறது. அதனால் மாறும்போது எல்லா விரல்களையும் தூக்கிவிட்டு, அடுத்த படத்தை வெறுமையிலிருந்து கட்டுகிறாய். நேரம் முழுவதும் அங்கேதான் கரைகிறது. அந்த நான்கு கார்டுகளையும் வரிசையாக வைத்து, எந்த விரலைத் தூக்க வேண்டியதில்லை என்று பார். ஏ மைனரில் நடுவிரல் ஜி தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் இருக்கிறது. எஃப் கார்டுக்கும் அது அதே இடத்தில்தான் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரலை இ தந்தியின் முதல் ஃபிரெட்டில் கூடுதலாக வைத்தால் போதும். எஃப் கார்டிலிருந்து ஜி செவனுக்குப் போகையில் அந்த ஆள்காட்டி விரல் அசையாமல் நிற்க, நடுவிரல் சி தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டுக்கு நகர்ந்து, மோதிர விரல் ஏ தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் அமர்கிறது. அங்கிருந்து சி கார்டுக்குப் போக, மற்ற இரண்டையும் எடுத்துவிட்டு, மோதிர விரலை அதே ஏ தந்தியின் மேல் ஒரு ஃபிரெட் முன்னே சறுக்கினால் போதும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு விரல் தந்தியை விட்டு விலகாமல் மற்ற விரல்களுக்கு வழிகாட்டுகிறது. சி கார்டிலிருந்து ஏ மைனருக்குத் திரும்பும்போது மட்டும் அப்படி ஒரு விரல் கிடையாது; அங்கே ஒன்றை எடுத்து ஒன்றை வைப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. தூக்கும் விரல்களும் தந்தியை விட்டு உயரப் பறக்க வேண்டியதில்லை, ஒட்டியபடியே நகரட்டும்.

ஜி செவனுக்குப் பதிலாக ஜி கார்டைப் பழகும்போதும் இதே கண்ணோடு பார். ஆள்காட்டி விரல் சி தந்தியின் இரண்டிலும், நடுவிரல் ஏ தந்தியின் இரண்டிலும், மோதிர விரல் இ தந்தியின் மூன்றிலும் இருக்கும். எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, சுண்டு விரலைச் சி தந்தியின் நான்காம் ஃபிரெட்டில் வைத்தால் இ மைனர் வந்துவிடுகிறது. விளக்கப் படங்களில் இ மைனருக்கு வேறு விரல்களைக் காட்டியிருப்பார்கள், அதுவும் சரியே. ஆனால் ஜி கார்டிலிருந்து வரும்போது இந்த வழி எளிது.

இவ்வளவும் இடக்கைக்கு. நான் உன்னிடம் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது வலக்கையைப் பற்றி. நீ மாறும்போது பாட்டு நிற்கிறதே, அதை நிறுத்துவது இடக்கை என்று நினைக்கிறாய். இடக்கை தாமதிக்கிறது, அவ்வளவுதான். அதற்காகக் காத்திருந்து நின்றுவிடுவது வலக்கை. அது காத்திருக்கக் கூடாது. வாத்தியத்தின் கழுத்து அதன் உடலோடு சேரும் இடத்தில், ஆள்காட்டி விரலின் நகத்தால் கீழ்நோக்கியும் விரல்சதையால் மேல்நோக்கியும், முழங்கையை அசைக்காமல் மணிக்கட்டைத் திருப்பி மீட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணும் ஒவ்வோர் எண்ணுக்கும் கை கீழே போகும். எண்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் மேலே வரும். தந்தியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் இந்த அசைவு மாறாது. பரவலாக எல்லாரும் வாசிக்கும் மீட்டு முறை ஒன்று உண்டு: ஒன்றில் கீழே, இரண்டில் கீழே, மேலே, மூன்றில் கை தந்தியைத் தொடாமல் காற்றில் இறங்கி, திரும்பும்போது மட்டும் தொடும், நான்கில் கீழே, மேலே. படத்தில் அம்புக்குறிகளாகப் பார்த்தால் குழப்பமாக இருப்பது, கை ஓயாமல் மேலும் கீழும் போய்வருகிறது, சில இடங்களில் தந்தியைத் தொடுவதில்லை என்று புரிந்துகொண்டால் தெளிந்துவிடும்.

சரி, ஒன்று என்ற எண் வந்துவிட்டது, இடக்கை இன்னும் தயாராகவில்லை, என்ன செய்வது? இருப்பதை மீட்டு. விரல்கள் தூக்கிய நிலையில் வெறும் தந்திகள் ஒலித்தால் கேட்பது முன்பே சொன்ன ப, ச, க, த. சி கார்டைச் சுற்றி அமைந்த பாட்டில் அது செவியை அதிகம் உறுத்தாது. நன்கு தேர்ந்தவர்கள் வாசிப்பதைக் கூர்ந்து கேட்டால், நான்காம் எண்ணுக்குப் பின்வரும் கடைசி மேல்மீட்டில் பல நேரம் வெறும் தந்திகளே ஒலிப்பதைக் கவனிக்கலாம். அந்த அரை எண்ணில்தான் அவர்களுடைய இடக்கை மாறிக்கொள்கிறது. கேட்பவருக்குத் தவறிய சுரத்தைவிட அறுந்த தாளமே பெரிதாகத் தெரியும். கூடப் பாடும் ஒருவருக்கோ, தாளம் அறுந்தால் பாடவே முடியாது.

பயிற்சியை இப்படி அமைத்துக்கொள். சீரான தட்டொலி தரும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வை. ஒரு கார்டை ஒன்றில் மட்டும் மீட்டி, இரண்டு, மூன்று, நான்கு என்ற எண்களின் நேரம் முழுவதையும் அடுத்த கார்டுக்கு நகர்வதற்குக் கொடு. அது இயல்பானதும் ஒன்றிலும் மூன்றிலும் மீட்டு; பிறகு நான்கு எண்களிலும். மேல்மீட்டுகள் அதற்கும் பிறகு. 60 வேகமாகத் தோன்றினால் 50 ஆக்கு, அதில் தாழ்வு ஒன்றும் இல்லை. நாள்தோறும் கால் மணி நேரம் போதும். வாரக் கடைசியில் ஒரேயடியாக இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட அது விரல்களுக்கும் நினைவுக்கும் நல்லது. தனித்தனியாக மீட்டும் ஃபிங்கர்பிக்கிங், இ மேஜர் போன்ற நெருக்கடியான கார்டுகள் எல்லாம் பிறகு வரட்டும்.

சீக்கிரமே வாசிப்போடு சேர்ந்து பாடத் தொடங்கு. இந்த வாத்தியம் வளர்ந்ததே பாட்டுக்குத் துணையாகத்தான். 1879 ஆகஸ்ட் 23 அன்று ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் மதேரா தீவிலிருந்து ஹொனலுலுவுக்கு வந்திறங்கிய குடியேறிகள், மஷேத் என்ற சிறிய நாலு தந்தி வாத்தியத்தைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் மானுவல் நூனெஸ், அகுஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்ற மூன்று தச்சர்கள் ஹவாயிலேயே அதைச் செய்யத் தொடங்க, அது யுகுலேலேயாக உருமாறியது. இசையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட கலாகௌவா அரசர் அதை அரசவைக் கொண்டாட்டங்களில் இடம்பெறச் செய்தார். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரும் கண்காட்சிக்குப் பின் அமெரிக்கா முழுவதும் பரவியது. ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் நடுவிலேயே பிறந்து வளர்ந்ததை, வாய்மூடிப் பயிற்சிப் பாடங்களாக மட்டும் வாசிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாடத் தொடங்கியதும் ஒரு சிக்கல் வரும். நீ கற்ற நான்கும் ஒரு கட்டையைச் சார்ந்தவை. பெண்குரல்கள் பலவற்றுக்கு ஐந்து கட்டையை ஒட்டிய சுருதி இயல்பாக இருக்கும். ஒரு கட்டையில் பாடினால் குரல் மிகவும் தாழ்ந்தோ, மேல் ஸ்தாயியில் முட்டியோ நிற்கும். அப்போது உன் குரலைக் குறை சொல்லாமல், பாட்டையே ஜி, இ மைனர், சி, டி என்ற வரிசைக்கு மாற்றிவிடு. ஜி என்பது ஐந்து கட்டைதான். டி கார்டுக்கு ஏ தந்தியை விட்டுவிட்டு மற்ற மூன்று தந்திகளின் இரண்டாம் ஃபிரெட்டில் மூன்று விரல்களை நெருக்கி வைக்க வேண்டும். முதலில் இடநெருக்கடியாக இருக்கும். நீ வாங்கியிருப்பது சோப்ரானோ என்ற சிறிய அளவு என்றால் அந்த நெருக்கடி சற்றுக் கூடுதல். அதைவிடப் பெரிதான கான்செர்ட் அளவில் குறைவு. இதற்காக வேறொன்று வாங்க வேண்டாம், விரல்களைச் சற்றுச் சாய்த்து வைத்தால் இடம் கிடைக்கும்.

வாத்தியத்தை ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடு. ஒவ்வொரு தந்தியின் பன்னிரண்டாம் ஃபிரெட்டிலும் வெறும் தந்தியின் மேல் ஸ்தாயிச் சுரம் ட்யூனரில் துல்லியமாகவோ மிக நெருக்கமாகவோ வர வேண்டும். அது சரியாக இருந்து, முதல் ஃபிரெட்டில் மட்டும் அழுத்துவது கடினமாகவும் சுருதி ஏறியும் இருந்தால், தலைப்பக்கம் தந்திகள் ஊன்றி நிற்கும் நட் என்ற பகுதி உயரமாக இருக்கிறது என்று பொருள். வாத்தியம் பழுதுபார்ப்பவர் அதைச் சிறிது அராவிக் கொடுத்தால் உன் எஃப் கார்டு ஒரே நாளில் எளிதாகிவிடும். உலோகத் தந்திகளை மட்டும் எக்காரணம் கொண்டும் மாட்டிவிடாதே. அந்த இழுவிசையை இதன் மெல்லிய மேற்பலகை தாங்காது.

அடுத்த வாரம் ஏ மைனர், எஃப், ஜி செவன், சி என்ற வரிசையை 60-இல் வைத்து, இடையில் நிறுத்தாமல் நான்கு சுற்று வாசித்துப் பதிவு செய்து அனுப்பு. எண்களை வாய்விட்டுச் சொல். எனக்கு அதுவும் கேட்க வேண்டும். கார்டு தவறினால் திரும்ப எடுக்காதே, அப்படியே போய்க்கொண்டிரு. கேட்டுவிட்டு, எந்த மாற்றத்தில் விரலை வீணாகத் தூக்குகிறாய் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா